டாக்டர் வீட்டுக்கு என்னங்க குறைச்சல்?

போன மாசம் டீக்கடையில ஒருத்தர் என்கிட்ட இந்தக் கேள்வியைத்தான் கேட்டார். கேட்டவர் கெட்டவர் இல்லை. நானும் ஒரு காலத்துல அப்படியே நினைச்சுக்கிட்டு இருந்தவன்தான். அதனால சண்டை போடல. டீயைக் குடிச்சுட்டு கிளம்பிட்டேன். ஆனா அந்தக் கேள்வி மட்டும் பின்னாடியே வீடு வரைக்கும் வந்துடுச்சு. அதுக்குப் பதில்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும் மக்களே, பொறுத்துக்கோங்க.

எங்க ஊர்ல ஒரு சர்ஜன் இருந்தார். பேர் வேண்டாம், அவங்க வீட்டுல அப்படித்தான் விரும்புவாங்க. சின்ன ஊர். குடல்வால், ஹெர்னியா, பித்தப்பைக் கல்லு, சர்க்கரைப் புண்ணு, மாடு முட்டினது, பைக்ல விழுந்தது எல்லாத்துக்கும் அவர்தான். எங்க அப்பாவுக்கு அல்சர் முத்தி வயித்துல ஓட்டை விழுந்த அன்னிக்கு ராத்திரி மணி ஒண்ணு. மயக்க மருந்து கொடுக்கற டாக்டர் பக்கத்து ஊர்ல. அவரோட டிரைவர் லீவு. நம்ம டாக்டர் என்ன பண்ணார் தெரியுமா? தானே காரை எடுத்துக்கிட்டுப் போய் அவரைக் கூட்டிட்டு வந்து, விடியறதுக்குள்ள ஆபரேஷனை முடிச்சுட்டு, காலைல எட்டு மணிக்கு ஓ.பி. பார்க்க உட்கார்ந்துட்டார். எங்க அப்பா அதுக்கப்புறம் பதினோரு வருஷம் இருந்தார். என் பையனுக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக் கொடுத்துட்டுத்தான் போனார்.

அந்த டாக்டருக்குக் கணையத்துல கேன்சர். ஸ்கேன் படத்தை யாரும் அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டி இருக்கல, அவரே பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டார். கீமோ எடுத்துக்கிட்டே ஓ.பி. பார்த்தார். மருந்தோட வேகத்துல விரல் நுனியெல்லாம் மரத்துப் போக ஆரம்பிச்சதும் ஆபரேஷன் பண்றதை மட்டும் நிறுத்திட்டார். "தையல் போடும்போது நூல் இழுவை விரல்ல தெரியணும், தெரியலைன்னா போடக்கூடாது"ன்னு நர்ஸம்மாகிட்ட சொன்னாராம். ஒன்பது மாசத்துல முடிஞ்சு போச்சு. வயசு ஐம்பத்தொண்ணு.

ஊர்வலம் அன்னிக்கு கடைவீதி முழுக்க அடைச்சிருந்துச்சு. யாரும் அடைக்கச் சொல்லல. பஸ் ஸ்டாண்ட்லேர்ந்து மார்க்கெட் வரைக்கும் ஃபிளெக்ஸ் பேனர். "ஏழைகளின் தெய்வமே", "எங்களை விட்டுச் சென்றாயே". நானும் அழுதேன். நாங்களும் ஒரு பேனர் வெச்சோம், மறைக்க மாட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் எல்லாம் அடங்கிப் போச்சு.

நாலு மாசம் கழிச்சு ஒரு பட்டா விஷயமா தாலுகா ஆபீஸ் போயிருந்தேன். அங்க பெஞ்ச்ல ஓரமா, மடியில பிளாஸ்டிக் ஃபைலோட டாக்டர் வீட்டம்மா உட்கார்ந்திருந்தாங்க. வாரிசு சான்றிதழுக்காக. இ-சேவை மையத்துல பதிஞ்சு, வி.ஏ.ஓ. விசாரிச்சு, ஆர்.ஐ. விசாரிச்சு, ஏதோ ஒரு பேர்ல ஒரு எழுத்து ஆதார்ல ஒரு மாதிரி, இறப்புச் சான்றிதழ்ல ஒரு மாதிரி இருக்குன்னு திரும்பி வந்து, மூணாவது தடவையா வந்திருக்காங்க. பக்கத்துல உட்கார்ந்தேன். "அக்கா, ஒரு போன் பண்ணியிருந்தா நான் வந்திருப்பேனே"ன்னேன். அவங்க சிரிச்சுக்கிட்டே, "யார் நம்பர்னு தேடி எடுத்துப் பண்றது தம்பி, எல்லாரும் ஏதாவதுன்னா சொல்லுங்கன்னுதான் சொல்லிட்டுப் போனாங்க"ன்னாங்க.

சுருக்குன்னு இருந்துச்சு. ஏன்னா அப்படிச் சொல்லிட்டுப் போனவங்கள்ல நானும் ஒருத்தன்.

இப்ப டீக்கடைக் கேள்விக்கு வர்றேன். டாக்டர் வீட்டுக்கு என்ன குறைச்சல்?

கணக்கு போட்டுப் பார்ப்போம். எம்.பி.பி.எஸ். நாலரை வருஷம், ஹவுஸ் சர்ஜன் ஒரு வருஷம். அப்புறம் நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ். மூணு வருஷம். நரம்பியல், இதயம்னு உயர் சிறப்புப் படிப்புக்குப் போனா எம்.சிஎச். இன்னும் மூணு வருஷம். நடுவுல சீட் கிடைக்காம போற வருஷங்களைக் கணக்குல சேர்க்கல. நம்ம கூடப் படிச்சவன் இருபத்தி ரெண்டுல சம்பளம் வாங்க ஆரம்பிச்சா, ஒரு சர்ஜன் ஒழுங்கா சம்பாதிக்க ஆரம்பிக்கறப்போ முப்பதைத் தாண்டியிருக்கும். அதுக்கப்புறம் சொந்த ஊர்ல சின்னதா ஒரு ஆஸ்பத்திரி கட்டணும்னா கட்டடத்துக்குக் கடன், ஆபரேஷன் தியேட்டருக்குக் கடன், மெஷினுக்குக் கடன். வீட்டுப் பத்திரம் பேங்க்ல. ஜாமீன் கையெழுத்து மனைவி போட்டது. நாப்பது, நாப்பத்தஞ்சுல அந்தக் கடன் பாதிதான் அடைஞ்சிருக்கும். அந்த நேரத்துல கேன்சர் வந்தா?

சர்ஜன் தொழில்ல இன்னொரு விஷயம். மளிகைக் கடைக்காரர் இறந்தா பையன் கடையைத் திறந்து உட்காரலாம். இங்க அவர் கை நின்ன அன்னிக்கே வருமானம் நின்னுடும். ஆனா நர்ஸ் சம்பளம், கரண்ட் பில், பேங்க் தவணை எதுவும் நிக்காது. ஆஸ்பத்திரியை வித்துடலாமேம்பாங்க. சின்ன ஊர்ல அதை வாங்க இன்னொரு சர்ஜன் வரணும். மெஷினையாவது விக்கலாமேன்னா, அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன் மெஷினை இஷ்டத்துக்கு யாருக்கும் வித்துட முடியாது. வயித்துல இருக்கறது ஆணா பெண்ணான்னு பார்க்கறதைத் தடுக்க 1994-ல வந்த சட்டப்படி, பதிவு பண்ணின இடத்துக்குத்தான் விக்கணும், அதிகாரிகளுக்கும் எழுதித் தெரிவிக்கணும். நல்ல சட்டம், வேணும்தான். ஆனா வீட்டுக்காரர் போன ரெண்டாவது மாசம், இதெல்லாம் தெரியாத ஒரு அம்மா பூட்டின ஆஸ்பத்திரி முன்னாடி நின்னுக்கிட்டு யாரைக் கேட்பாங்க சொல்லுங்க?

வசதியான டாக்டர் குடும்பங்கள் இல்லையா? இருக்கு. நகரத்துல பெரிய ஆஸ்பத்திரியில பேர் எடுத்தவங்க குடும்பத்துக்குப் பணக் கஷ்டம் வராம இருக்கலாம். நான் சொல்றது, ஊரே கொண்டாடற சர்ஜன்தான் பெரும்பாலும் கையில காசு சேர்க்காத சர்ஜனா இருப்பார்ங்கறது. "அப்புறம் கொடுப்பா"ன்னு சொன்னதாலதானே நாம கொண்டாடினோம்? அந்த "அப்புறம்" இப்ப யார் தலையில நிக்குது?

இது நம்ம ஊர்ல மட்டும் இருக்கற பிரச்சினையும் இல்லை, இன்னிக்கு நேத்து வந்ததும் இல்லை. லண்டன்ல 1788-லயே இறந்துபோன டாக்டர்களோட விதவைகளுக்கும் அனாதைக் குழந்தைகளுக்கும் உதவறதுக்குன்னே ஒரு சங்கம் ஆரம்பிச்சிருக்காங்க. 1836-ல அங்க டாக்டர்கள் குடும்பத்துக்கான இன்னொரு நிதி தொடங்கினாங்க, ராயல் மெடிக்கல் பெனவலன்ட் ஃபண்டுன்னு இன்னிக்கும் இருக்கு. 1855-ல ஜான் ப்ராபர்ட்ங்கற டாக்டர் முயற்சியில எப்சம்ல ஒரு கல்லூரியே திறந்தாங்க. வயசான டாக்டர்களும் டாக்டர்களோட விதவைகளும் தங்க இடம், தகப்பனை இழந்த டாக்டர் பசங்களுக்குப் படிப்பு. இது எல்லாமே டாக்டர்களே டாக்டர்களுக்காக ஆரம்பிச்சது. இவங்க குடும்பம் ஒரே நாள்ல நடுத்தெருவுக்கு வந்துடும்னு அவங்களுக்கு இருநூறு வருஷம் முன்னாடியே தெரிஞ்சிருக்கு. நம்ம பக்கமும் இந்திய மருத்துவச் சங்கத்தோட தமிழ்நாடு, கேரளக் கிளைகள்ல குடும்பப் பாதுகாப்புத் திட்டம் வெச்சிருக்காங்க. ஒரு உறுப்பினர் இறந்தா மத்த உறுப்பினர்கள் ஆளுக்கொரு தொகை போட்டு அந்தக் குடும்பத்துக்குக் கொடுக்கறது. நல்ல ஏற்பாடு. ஆனா உறுப்பினரா சேர்ந்திருக்கணும், சந்தாவை விடாமக் கட்டியிருக்கணும். எங்க டாக்டர் அதுல சேரவே இல்லை. அடுத்தவன் வயித்தைப் பார்த்துக்கிட்டே இருந்தவருக்கு ஒரு ஃபாரம் நிரப்ப நேரமில்லாம போச்சு.

பணத்தோட நிறுத்தினா இந்தப் பதிவு பாதிதான். மீதிப் பாதிக்கு பால் கலாநிதியைப் பத்திச் சொல்லணும்.

நிறையப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். பேரைப் பார்த்தாலே தெரியுது, பூர்வீகத்துல தமிழ்நாட்டுத் தொடர்பு உள்ள குடும்பம். 1977-ல நியூயார்க் பக்கம் பிறந்து, அரிசோனாவுல கிங்மன்ங்கற சின்ன ஊர்ல வளர்ந்தவர். முதல்ல ஆங்கில இலக்கியம் படிச்சார், அப்புறம் மருத்துவம், ஸ்டான்ஃபோர்டுல மூளை நரம்பியல் அறுவை சிகிச்சைப் பயிற்சி. பயிற்சி முடியப் போற நேரம், 2013 மே மாசம், நுரையீரல் கேன்சர்னு தெரிஞ்சது. நாலாவது கட்டம். சிகரெட்டே பிடிக்காத மனுஷன், வயசு முப்பத்தாறு. மாத்திரையில கொஞ்சம் தேறி மறுபடி தியேட்டருக்குப் போய் ஆபரேஷன் பண்ணினார், பயிற்சியை முடிச்சார். 2014 ஜூலையில பெண் குழந்தை பிறந்துச்சு. 2015 மார்ச் 9-ஆம் தேதி இறந்துட்டார். குழந்தைக்கு அப்போ எட்டு மாசம். அவர் பாதியில விட்ட புத்தகத்துக்கு அவர் மனைவி லூசி கடைசிப் பகுதி எழுதிச் சேர்க்க, 2016 ஜனவரியில 'வென் பிரெத் பிகம்ஸ் ஏர்' வெளிவந்துச்சு. 2017-ல புலிட்சர் பரிசோட இறுதிப் பட்டியல் வரைக்கும் போச்சு.

எல்லாரும் அந்தப் புத்தகத்துல மரணத்தைப் பத்தி அவர் சொல்ற தத்துவத்தைத்தான் பேசுவாங்க. எனக்கு மனசுல நின்னது வேற இடம். நோய் இன்னதுன்னு தெரிஞ்சதும் மனைவிகிட்ட ரெண்டு விஷயம் சொல்றார். ஒண்ணு, நீ மறுபடி கல்யாணம் பண்ணிக்கணும், தனியா இருக்கக் கூடாது. இன்னொண்ணு, வீட்டுக் கடனை உடனே மாத்தி எழுதணும்.

காதலும் வீட்டுக் கடனும் ஒரே மூச்சுல! முதல் தடவை படிச்சப்போ இது என்ன இடைச்செருகல்னு தோணிச்சு. தாலுகா ஆபீஸ் பெஞ்ச்ல உட்கார்ந்ததுக்கு அப்புறம்தான் புரிஞ்சுது. சாகப்போறவன் தன் குடும்பத்து மேல வெச்சிருக்கற அன்பு கடைசியில இந்த ரெண்டுலதான் வந்து நிக்குது. அவங்க கடன்ல மாட்டக் கூடாது, அவங்க தனியா நிக்கக் கூடாது.

லூசியும் ஒரு டாக்டர். வேலை இருந்தது, சொந்தக்காரங்க சுத்தி இருந்தாங்க. அவங்களுக்கு வேண்டியிருந்தது பணமா இல்லாம இருக்கலாம். புத்தகம் வர்ற சமயத்துல, 2016 ஜனவரியில, நியூயார்க் டைம்ஸ்ல ஒரு கட்டுரை எழுதினாங்க. விதவை ஆனதோட தன் கல்யாணம் முடிஞ்சு போயிடலைங்கறதுதான் அதோட சாரம். அடுத்த வருஷம், 2017 பிப்ரவரியில, நினா ரிக்ஸ்ங்கற கவிஞர் மார்பகப் புற்றுநோயில இறந்தாங்க. வயசு முப்பத்தொன்பது, ரெண்டு பசங்க. தான் போனதுக்கப்புறம் என்ன பண்றதுன்னு தெரியாம நின்ன கணவர்கிட்ட, லூசிக்கு எழுதிக் கேளுங்கன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. அவரும் எழுதினார். அஞ்சலி உரையை எப்படி எழுதறது, ராத்திரி எப்படித் தூங்கறது, இப்படிக் கேள்விகள். எழுதி எழுதி ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுப் போச்சு. 2018-ல வாஷிங்டன் போஸ்ட்ல செய்தியாவே வந்துச்சு.

இதைப் படிச்சுட்டு நம்மாளுங்க சிலர் முகம் சுளிச்சதைப் பார்த்திருக்கேன். "அவ்வளவு உருக்கமா எழுதிட்டு இப்படியா"ன்னு. எனக்கு இங்கதான் கோவம் வருது. சாகப் போற ரெண்டு பேருமே தன் துணை தனியா நிக்கக் கூடாதுன்னு நினைச்சிருக்காங்க. நடுவுல நாம யாரு? டாக்டர் மேல நமக்கு அன்பு இருக்குன்னா அவர் மனைவி காலம் பூரா அவர் போட்டோவுக்கு மாலை போட்டுக்கிட்டே உட்கார்ந்திருக்கணும்னு அர்த்தமா? ஊர் கொண்டாடற மனுஷனோட மனைவிக்கு இது இன்னும் கஷ்டம். எங்க டாக்டர் வீட்டம்மா ஆறாவது மாசம் ஒரு கல்யாணத்துக்குக் கலர்ப் புடவை கட்டிக்கிட்டு வந்தாங்க. அன்னிக்கு அங்க ரெண்டு மூணு பேர் பேசினதை இங்க எழுத மாட்டேன். அவங்களும் டாக்டர் கையால ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்கதான்.

நாம எவ்வளவு தூரம் போவோம்ங்கறதுக்கு இன்னொரு உதாரணமும் இருக்கு. கேன்சர் இல்ல, கொரோனா. 2020 ஏப்ரல்ல சென்னையில நரம்பியல் சர்ஜன் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் இறந்தப்போ, அடக்கம் பண்ண விடாம கல்லும் கட்டையும் எடுத்து அடிச்சு விரட்டினாங்க. ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைஞ்சது. கூட வேலை பார்த்த டாக்டர் ஒருத்தர் ராத்திரியோட ராத்திரியா தானே மண்ணை அள்ளிப் போட்டு அடக்கம் பண்ணினார். குடும்பம் விரும்பின கல்லறைத் தோட்டத்துக்கு உடலை மாத்தணும்னு அவர் மனைவி கோர்ட் படி ஏற வேண்டியதாச்சு. பயம்தான் காரணம்னு சொல்லலாம். பயமா இருந்தாலும் அந்தக் குடும்பம் அதை எப்படி மறக்கும்?

"கொத்தனார் இறந்தா அவர் குடும்பத்துக்கு யார் இருக்கா? டாக்டருக்கு மட்டும் என்ன தனிப் பதிவு?" இந்தக் கேள்வி வரும். நியாயமான கேள்வி. கொத்தனார் குடும்பத்துக்கும் செய்யணும். அங்க கஷ்டம் இருக்குன்னாவது எல்லாருக்கும் தெரியும், செய்யாம விட்டா மனசு உறுத்தும். டாக்டர் குடும்பத்து விஷயத்துல கஷ்டமே இருக்காதுன்னு முடிவு பண்ணிட்டு நிம்மதியா இருந்துடறோம். அவங்களும் வெளியில சொல்ல மாட்டாங்க. ஊர் முழுக்க அவங்க வாசல்ல வந்து நின்ன காலத்தைப் பார்த்தவங்க, இன்னொருத்தர் வாசல்ல போய் நிக்கறது சாமானியம் இல்லை. அதுக்காகத்தான் தனிப் பதிவு.

சரி, என்ன பண்ணலாம்? நாங்க கொஞ்சம் தாமதமாத்தான் விழிச்சோம். அதுல கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

ஒண்ணு. "ஏதாவதுன்னா சொல்லுங்க"ங்கற வாக்கியத்தை இன்னியோட விட்டுடுவோம். அது கஷ்டத்துல இருக்கறவங்க தலையில இன்னொரு வேலையைத் தூக்கி வைக்கறது. "புதன்கிழமை பத்து மணிக்கு கார் எடுத்துட்டு வர்றேன்க்கா, பேங்க்குக்குப் போயிட்டு வந்துடலாம்"னு நாளும் நேரமும் சொல்லிப் பாருங்க. அவங்களால சரின்னு சொல்ல முடியும்.

ரெண்டு. காகிதம். இறப்புச் சான்றிதழ்ல பத்துப் பிரதியாவது வாங்கி வைங்க. பேர், இனிஷியல் எல்லாத்துலயும் ஒண்ணா இருக்கான்னு முதல்லயே பாருங்க. பேங்க்ல நாமினின்னு பேர் இருந்தா பணம் முழுக்க அவங்களுக்கேன்னு அர்த்தம் இல்லை. வாங்கி வாரிசுகளுக்குச் சேர்க்கற பொறுப்புதான் நாமினிக்கு. இது தெரியாம சொந்தத்துக்குள்ள சண்டை வந்த வீடு எத்தனையோ. உங்க நட்புல ஒரு ஆடிட்டரோ வக்கீலோ இருந்தா, ஒரு ஞாயித்துக்கிழமை அந்த வீட்டுல போய் உட்காரச் சொல்லுங்க. ஆயிரம் பேனருக்குச் சமம்.

மூணு. பணமாக் கொடுக்கறதா இருந்தா ஒரே தடவையா மூட்டையாக் கொண்டு போய்க் கொட்டாதீங்க. பசங்க படிப்புன்னு பேர் வெச்சு, வருஷா வருஷம் ஜூன்ல ஃபீஸ் கட்டற மாதிரி பண்ணுங்க. நாங்க பதினெட்டு பேர் சேர்ந்திருக்கோம். பெரிய தொகை எல்லாம் இல்லை. முதல்ல அந்தம்மா வேண்டாம்னுட்டாங்க. "அக்கா, இது தானம் இல்ல, பாக்கி"ன்னோம். எதுவும் பேசல.

நாலு. இது டாக்டர் நண்பர்களுக்கு. உங்கள்ல சிலர் இதைப் படிக்கறீங்கன்னு தெரியும். 1874-ம் வருஷத்துத் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம்னு ஒண்ணு இருக்கு. அதோட ஆறாவது பிரிவுப்படி மனைவி, பிள்ளைகள் பேர்ல ஆயுள் காப்பீடு எடுத்தா அந்தப் பணம் அவங்களுக்கான அறக்கட்டளை மாதிரி. சாதாரணமாக் கடன்காரங்க அதுல கை வைக்க முடியாது. பாலிசி எடுக்கும்போதே ஒரு ஃபாரத்துல எழுதிக் கொடுத்தா போதும். ஆஸ்பத்திரிக் கடனுக்கு மனைவியை ஜாமீன் கையெழுத்து போட வைக்கறவங்க, அன்னிக்கே இதையும் பண்ணிடுங்க. சங்கத்தோட குடும்பப் பாதுகாப்புத் திட்டத்துல சேர்ந்திருக்கீங்களான்னும் ஒரு தடவை பார்த்துடுங்க. அடுத்தவங்களுக்கு ரிப்போர்ட் படிச்சுச் சொல்ற நீங்க உங்க வீட்டு ரிப்போர்ட்டையும் கொஞ்சம் படிங்க சார்.

அஞ்சு. இதுதான் எனக்கு முக்கியமாத் தோணுது. பிள்ளைகளுக்கு அவங்க அப்பாவைக் கொடுங்க. சர்ஜனோட பிள்ளைங்க அப்பாவை எப்பப் பார்த்திருப்பாங்க? நாம பார்த்த நேரமெல்லாம் அவங்க பார்க்காத நேரம். எங்க அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த ராத்திரி, அந்த டாக்டரோட பொண்ணுக்கு ரெண்டு வயசு, வீட்டுல காய்ச்சல்ல படுத்திருந்துச்சாம். இது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அந்த ராத்திரி என்ன நடந்துச்சுன்னு அந்தப் பொண்ணுக்கு நான் சொல்லாம வேற யாரு சொல்லுவா? அதனால நாங்க ஒரு வேலை பண்ணினோம். அவர்கிட்ட வைத்தியம் பார்த்துக்கிட்டவங்ககிட்ட ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி வாங்கினோம். எழுதத் தெரியாதவங்க சொல்லச் சொல்ல என் மனைவி எழுதினாங்க. நாப்பத்தி மூணு பேர். பூ விக்கற அம்மா ஒருத்தங்க, "உங்கப்பா என் காலை எடுக்காம விட்டார் கண்ணு, இப்பவும் நடந்துதான் பூ விக்கிறேன்"னு சொன்னாங்க. அதை அப்படியே எழுதினோம். எல்லாத்தையும் பைண்ட் பண்ணிக் கொடுத்தோம்.

பால் கலாநிதி தன் புத்தகத்தோட கடைசியில தன் குழந்தைகிட்டதான் பேசுவார். அவருக்கு எழுத வந்துச்சு, எழுதி வெச்சுட்டுப் போனார். எங்க டாக்டருக்குக் கேஸ் ஷீட்டைத் தவிர எதுவும் எழுத வராது. அந்தக் கையெழுத்தும் மெடிக்கல் ஷாப்காரருக்கு மட்டும்தான் புரியும் :-) அப்படிப்பட்டவங்களுக்காக மத்தவங்கதான் எழுதணும்.

ஆறு. அவங்க அழுதா அழட்டும், சிரிச்சா சிரிக்கட்டும், கலர்ப் புடவை கட்டினா கட்டட்டும். நாளைக்கு இன்னொரு துணை தேடிக்கிட்டாலும் போய் வாழ்த்திட்டு வருவோம். அது முடியலைன்னா வாயையாவது மூடிக்கிட்டு இருப்போம். இதுவும் ஒரு உதவிதான், காசு செலவே இல்லாதது.

கடைசியா ஒண்ணு சொல்லிட்டு முடிச்சுக்கறேன்.

தாலுகா ஆபீஸ் வேலை முடிஞ்ச அப்புறம் ஒரு நாள் அவங்க வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரிக் கணக்கெல்லாம் ஒழுங்கு பண்ணணும், உதவி பண்றியா தம்பின்னு கேட்டாங்க. ஒரு நீள நோட்டு இருந்துச்சு. பாக்கி வெச்சவங்க பட்டியல். பேர், ஊர், தொகை. கொடுத்தவங்க பேர் மேல ஒரு கோடு. கோடு போடாத பேர்கள்தான் ஜாஸ்தி. புரட்டிக்கிட்டே வந்தேன். எங்க அப்பா பேர் இருந்துச்சு. நாலாயிரத்து ஐநூறு ரூபா. பதினோரு வருஷமா அப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லை. மறந்திருப்பார். இல்ல, டாக்டருக்கு என்ன குறைச்சல்னு நினைச்சிருப்பார்.

அடுத்த நாள் கொண்டு போய்க் கொடுத்தேன். வட்டி போட்டுக் கொடுக்கணும்னு மனசுல இருந்துச்சு, அது அவமானப்படுத்தற மாதிரி ஆயிடுமோன்னு பயந்து நாலாயிரத்து ஐநூறை மட்டும் கொடுத்தேன். அவங்க எண்ணிப் பார்த்து வாங்கிக்கிட்டாங்க. நோட்டை எடுத்து, அவர் போடற மாதிரியே அப்பா பேர் மேல ஒரு கோடு போட்டாங்க. அப்புறம் "காபி சாப்பிடறியா தம்பி"ன்னு கேட்டாங்க.

டீக்கடைக்காரரே, உங்க கேள்விக்கு இதுதான் பதில். டாக்டர் வீட்டுல குறைச்சல் இருந்துச்சு. அதுல நாலாயிரத்து ஐநூறு ரூபா எங்க வீட்டுக் கணக்கு.

உங்க ஊர்லயும் இப்படி ஒரு வீடு இருக்கும். ஃபிளெக்ஸ் கிழிஞ்சு போயிருக்கும், போர்டு மட்டும் தொங்கிக்கிட்டு இருக்கும். இந்த ஞாயித்துக்கிழமை ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வாங்களேன். வெறுங்கையோட போனாக்கூடப் பரவாயில்லை. அடுத்து எந்தக் கிழமை வருவீங்கன்னு மட்டும் சொல்லிட்டு வாங்க.

டிஸ்கி: அந்தப் பொண்ணு இப்ப பிளஸ் டூ. டாக்டருக்குப் படிக்கப் போறியான்னு ஊர்ல எல்லாரும் கேட்டுக்கிட்டே இருக்காங்க. தயவு செஞ்சு கேட்காதீங்க. அதுக்குப் படம் வரையறதுதான் பிடிச்சிருக்காம்.